பழைய கம்ப்யூட்டர் கேம்களை எந்த வகையில் சேர்ப்பது?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா விட்டுப்போன பெட்டியில் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் கேம் ஒலிநாடாக்கள், அட்டாரி டிவி கேமின் கார்ட்ரிட்ஜ்கள், ஒரு கோல்டன் சைனா டிவி கேம் எல்லாம் இருக்கின்றனவாம். அவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும்படி வட்டார மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப் போகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். அதில் 'வகை' என்ற இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. இணையத்தில் பார்த்தால் ஒரே கேமை ஒரு தளம் அட்வென்ச்சர் என்கிறது, இன்னொன்று ஆக்‌ஷன்-அட்வென்ச்சர் என்கிறது, மூன்றாவது ரோல்-பிளேயிங் என்கிறது. எது சரி, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பது அவர் கேள்வி. தம்பி, எந்தத் தளம் சரி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தத் தளங்கள் எதை வைத்துப் பிரிக்கின்றன என்று கேட்டால் உங்கள் வேலை பாதி முடிந்துவிடும். மூன்று தளங்களும் மூன்று வேறு விஷயங்களை அளந்துவிட்டு, மூன்றுக்கும் 'வகை' என்றே பெயர் வைத்திருக்கின்றன.

நான் டர்பனில் நூலகப் பட்டியல் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். முதலில் புத்தகங்கள், அப்புறம் ஒலிநாடா, வீடியோ, கடைசியாக கம்ப்யூட்டர் வட்டுகள் என்று எல்லாமே என் மேசைக்கு வந்தன. நூலகங்களில் பொருள்வாரியாக எண் கொடுக்கும் ட்யூயி முறையில் கம்ப்யூட்டர் கேம்கள் பெரும்பாலும் 794.8 என்ற எண்ணின் கீழ்தான் வரும். கார் ஓட்டுவதும் அதில்தான், வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டுத்தள்ளுவதும் அதில்தான். ஆக எண் உதவாது. வகை என்ற குறிப்பைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். அந்தக் குறிப்பை எழுதி எழுதிப் பழகியதுதான் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அடிப்படை. வீட்டுக் கம்ப்யூட்டர்கள், அட்டாரி, நூலக முறை ஆகியவற்றில் எனக்குப் பிடிமானம் உண்டு. ஜப்பானிய மொழி தெரியாது. அதனால் அந்த நாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் படித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று: ஆரம்ப கால கேம்களைச் செய்தவர்களுக்கு வகை என்ற எண்ணமே கிடையாது. 1952-இல் கேம்பிரிட்ஜில் ஏ. எஸ். டக்ளஸ் எட்சாக் கணினியில் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போடும் ஆட்டத்தை எழுதினார். மனிதனும் கணினியும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்ற ஆய்வுக்காக எழுதியது அது. 1958-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் ஒரு ஆசிலாஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆட்டம் காட்டினார். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் சலிப்படையக்கூடாது என்பதற்காக. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் பிடிபி-1 என்ற கணினியில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் 'ஸ்பேஸ்வார்' செய்தார்கள். இன்று பட்டியல்களில் முதலாவது பஸில் அல்லது போர்டு கேம், இரண்டாவது ஸ்போர்ட்ஸ், மூன்றாவது ஷூட்டர். இந்தப் பெயர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் ஒட்டியவை. ஒட்டியது தப்பில்லை. ஆனால் அவை பிறந்தபோதே நெற்றியில் எழுதியிருந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது.

இன்னொரு உதாரணம் இதைவிட எனக்குப் பிடித்தது. 1964-இல் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐபிஎம் நிறுவனத்தாரோடு சேர்ந்து 'சுமேரியன் கேம்' என்று ஒன்றை எழுதினார். மாணவர் பழங்கால நகரத்தின் அரசராக இருந்து, எவ்வளவு தானியம் விதைப்பது, எவ்வளவு மக்களுக்குக் கொடுப்பது, எவ்வளவு சேமிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பொருளாதாரம் கற்பிக்கத்தான் அது. அந்த யோசனையிலிருந்து கிளைத்த 'ஹமுராபி' என்ற சின்ன நிரல் பிறகு பேசிக் மொழியில் அச்சாகி, வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் தட்டச்சு செய்து ஆடினார்கள். எதற்காகச் செய்தார்கள் என்று பார்த்தால் இது கல்வி கேம். ஆடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் ஸ்ட்ராட்டஜி. 1971-இல் மினசோட்டாவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று பேர் செய்த 'ஆரிகன் டிரெய்ல்' நிலைமையும் இதேதான். ஒரே பொருள், இரண்டு அளவுகோல்.

அளவுகோல்கள் என்னென்ன என்று பார்ப்போம். சினிமாவில் நாம் வகை என்றால் பெரும்பாலும் கதை நடக்கும் இடம், உடை, உணர்ச்சி இவற்றைச் சொல்கிறோம்: பேய்ப்படம், குதிரைப்படம், குடும்பப்படம். கேமில் அது சீக்கிரம் தடுமாறிவிடும். 1972-இல் அமெரிக்காவில் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற முதல் வீட்டு டிவி கேமைப் பாருங்கள். ரால்ஃப் பேயர் வடிவமைத்தது. திரையில் அது காட்டியது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே. மற்றதெல்லாம் டிவி கண்ணாடிமேல் ஒட்டும் வண்ணப் பிளாஸ்டிக் தாள்கள். ஒரு தாளை ஒட்டினால் டென்னிஸ் மைதானம், இன்னொன்றை ஒட்டினால் பேய் வீடு. தாளை மாற்றினால் கதைக்களம் மாறிவிடும், ஆனால் கை செய்வது புள்ளியை நகர்த்துவதுதான். கருப்பொருளை வைத்து மட்டும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2001-இல் மார்க் ஜே. பி. வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதனால்தான், ஆடுபவர் என்ன செய்கிறார், அவருக்கு இலக்கு என்ன என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டு 42 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தார். அதில் ஒரு கேம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் இருக்கலாம். கருவியைச் சோதிப்பதற்கான கார்ட்ரிட்ஜ், கடையில் காட்டும் மாதிரி கார்ட்ரிட்ஜ் இவற்றுக்குக்கூட அதில் தனி இடம் உண்டு. கேமே இல்லாததை எல்லாம் ஏன் சேர்த்தார் என்று சிரித்தவர்கள் உண்டு. பழைய பெட்டியைப் பிரித்துப் பட்டியல் போட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த மாதிரி ஒன்று கட்டாயம் உள்ளே கிடக்கும்.

ஆய்வாளர்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே விற்பவர்கள் பிரித்துவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் எது கண்ணில் பட்டால் விற்கும் என்று பார்த்து அடுக்குவார், சமைப்பவர் எதோடு எது சேரும் என்று பார்த்து அடுக்குவார். கம்பெனிகளின் பிரிவுகள் முதல் ரகம். 1981 வாக்கில் அட்டாரியின் விலைப்பட்டியலில் பிரிவுகளுக்கு விண்வெளி நிலையம், போர்க்களம், பந்தயத் தடம், விளையாட்டரங்கம், சாகசப் பிரதேசம், கல்வி மையம் என்ற பொருளில் பெயர்கள் இருந்தன. இடத்தின் பெயரும் செயலின் பெயரும் கலந்துகிடக்கின்றன. விண்வெளியில் நடந்தால் ஒரு பிரிவு, தரையில் சுட்டால் வேறொரு பிரிவு. மட்டெல் கம்பெனி தன் இன்டெலிவிஷன் என்ற டிவி கேமின் பிரிவுகளுக்கு 'நெட்வொர்க்' என்று பெயரிட்டு, ஆக்‌ஷன், ஸ்போர்ட்ஸ், ஸ்ட்ராட்டஜி, ஸ்பேஸ் ஆக்‌ஷன், சூதாட்டம், சிறுவர் கல்வி என்று பெட்டிக்கே தனி நிறம் கொடுத்தது. 1985-இல் நின்டெண்டோ அமெரிக்காவுக்குப் போனபோது இன்னும் வேடிக்கை. ஆக்‌ஷன் வரிசை, ஸ்போர்ட்ஸ் வரிசை என்பவற்றோடு துப்பாக்கி வரிசை, ரோபோ வரிசை, 'புரோகிராமபிள்' வரிசை என்றெல்லாம் பெட்டியில் அச்சடித்தார்கள். 'டக் ஹண்ட்' துப்பாக்கி வரிசையில் வந்தது, அதை ஆட ஒளித்துப்பாக்கி வாங்கியாக வேண்டும் என்பதால். மோட்டார்சைக்கிள் பந்தயமான 'எக்சைட்பைக்' புரோகிராமபிள் வரிசையில் வந்தது, ஆடுபவரே தடத்தை வரைந்துகொள்ளலாம் என்பதால். இன்று யாரும் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள், ரேஸிங் என்பார்கள். நின்டெண்டோ பிரித்தது விளையாட்டை அல்ல, வாங்குபவர் எந்தக் கருவியை வைத்திருக்க வேண்டும், எந்தப் புதுமைக்குக் காசு கொடுக்கிறார் என்பதை. இருந்தாலும் அந்த அச்சடித்த சொல் வரலாற்றுச் சான்று. அதை அட்டையில் விடாமல் எழுதுங்கள். ஆனால் 'பெட்டியில் உள்ளபடி' என்று சேர்த்து எழுதுங்கள்.

நம் ஊர் நிலைமை இதில் கொஞ்சம் தனி. தென்னாப்பிரிக்காவுக்கு டிவியே 1976-இல்தான் முறையாக வந்தது. ஒடிசியும் அதற்குப் பின் வந்த பாங் ஆட்டமும் மற்ற நாடுகளில் ஒரு சுற்று ஓய்ந்த பிறகுதான் நமக்குத் திரை கிடைத்தது. அப்புறம் தொண்ணூறுகளில் கோல்டன் சைனா. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல் அது. அதோடு வந்த பல-கேம் கார்ட்ரிட்ஜ்களில் பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை, வரிசையின் பெயரும் இல்லை. பெயர்ப்பட்டியல் ஒன்று ஓடும். அதிலும் பாதிப் பெயர்கள் திரிந்திருக்கும், தயாரித்தவர் பெயரை அழித்திருப்பார்கள், ஒரே கேமை வேறு வேறு கட்டத்தில் தொடங்கவைத்து வேறு வேறு பெயரில் எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அதனால் நம் பிள்ளைகள் விற்பவரின் வகைகளைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் டீரூம் என்னும் சிறு கடைகளின் மூலையில் நின்ற, காசு போட்டு ஆடும் பெட்டிகளானாலும் சரி, வீட்டு டிவி கேமானாலும் சரி, பேச்சில் இருந்தது சுடுகிற கேம், ஓடிக் குதிக்கிற கேம், அடிதடி கேம், கார் கேம் என்பதுதான். வுல்ஃப் பெரிய பட்டியல் போட்டு நிறுவப் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான்: கை என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது. காட்சிக்கு வரும் பெரியவர்களிடம் அவர்கள் அந்தக் காலத்தில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதி வையுங்கள். எந்த இணையதளத்திலும் அது இருக்காது.

சரி, உங்களைக் குழப்பிய இடத்துக்கு வருவோம். 'அட்வென்ச்சர்' என்ற பெயர் சாகசம் என்ற பொதுப் பொருளில் வகையாகவில்லை. ஒரு குறிப்பிட்ட கேமின் பெயராக இருந்து வகையானது. 1976 வாக்கில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர், குகைகளில் ஏறி இறங்கி வரைபடம் போடும் பழக்கம் உள்ளவர், கென்டக்கியின் மேமத் குகையின் ஒரு பகுதியை அடிப்படையாக வைத்து எழுத்து மட்டுமே கொண்ட ஒரு கேமை எழுதினார். ஓரிரு சொற்களில் கட்டளை தட்டச்சு செய்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், என்ன தெரிகிறது என்று கணினி பத்தியாகப் பதில் சொல்லும். 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். பல்கலைக்கழகக் கணினிகள் எங்கும் அது பரவியது. எம்.ஐ.டி.யில் அதை ஆடியவர்கள் 'ஸார்க்' எழுதினார்கள். ஸ்காட் ஆடம்ஸ் 1978-இல் 'அட்வென்ச்சர்லேண்ட்' என்று வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அதைச் சுருக்கிக் கொண்டுவந்தார். 1980-இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் 'மிஸ்டரி ஹவுஸ்' கேமில் கோட்டுப் படங்களைச் சேர்த்தார்கள். உங்கள் பெட்டியில் இருப்பதாக நீங்கள் சொன்ன 1982-ஆம் ஆண்டு 'ஹாபிட்' ஒலிநாடா இந்தக் குடும்பத்தில் நேரடிப் பிள்ளை: எழுத்துக் கட்டளை, படம், புதிர். இந்தக் கேம்களை எல்லாம் மக்கள் அட்வென்ச்சர் மாதிரியான கேம் என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சொல் வகைப் பெயரானது.

இப்போது உங்கள் அட்டாரி 'அட்வென்ச்சர்' கார்ட்ரிட்ஜை எடுங்கள். 1980-இல் வந்தது, வாரன் ராபினெட் செய்தது. அவர் அந்தக் குகை ஆட்டத்தை ஸ்டான்ஃபோர்டில் ஆடிப்பார்த்து, அதையே ஜாய்ஸ்டிக்கில் கொண்டுவர முயன்றார். வடக்கே போ என்று தட்டச்சு செய்வதற்குப் பதில் குச்சியை மேலே தள்ளுகிறோம். வாளை எடு என்று எழுதுவதற்குப் பதில் வாள்மேல் போய் மோதுகிறோம். வீரன் ஒரு சதுரம். டிராகன்கள் பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வரலாற்றுப்படி இது அந்தக் குகை ஆட்டத்தின் வாரிசு. ஆனால் ஆடும்போது டிராகன் துரத்துகிறது, நேரம் ஓடுகிறது, யோசித்துத் தட்டச்சு செய்ய நிற்க முடியாது. ஆகவே வம்சத்தைப் பார்க்கிற தளம் அட்வென்ச்சர் என்கிறது. கையின் வேலையைப் பார்க்கிற தளம் ஆக்‌ஷன்-அட்வென்ச்சர் என்கிறது. கோட்டை, வாள், டிராகன் என்ற கருப்பொருளைப் பார்க்கிற தளம் ரோல்-பிளேயிங் என்கிறது. மூன்றாவதுதான் எனக்கு ஒப்பவில்லை. ரோல்-பிளேயிங் என்றால் பாத்திரத்தின் வலிமை, அனுபவப் புள்ளி போன்ற எண்கள் ஆட்டம் போகப்போக வளர வேண்டும்; 1981-இன் 'விசர்ட்ரி', 'அல்டிமா' இரண்டும் அப்படிப்பட்டவை. அட்டாரி அட்வென்ச்சரில் சதுரம் கடைசிவரை சதுரம்தான், வளரும் எண் எதுவும் கிடையாது. முதல் இரண்டும் சரியே.

ஜப்பானில் அதே சொல் வேறு பக்கம் போனது. 1983-இல் யூஜி ஹோரியின் 'போர்ட்டோபியா' கொலை விசாரணை கேமுக்குப் பிறகு, அங்கே அட்வென்ச்சர் என்றால் படங்களையும் உரையாடலையும் வைத்துக் கதையை நகர்த்தும் ஆட்டம் என்ற பொருள் வேரூன்றியது. கோல்டன் சைனா கார்ட்ரிட்ஜ்களில் இருப்பவை பெரும்பாலும் ஜப்பானில் பிறந்தவை என்பதால், ஜப்பானியப் பட்டியலிலிருந்து வகையை எடுக்கும் தளங்களில் இந்த வேறுபாடு எட்டிப்பார்க்கும்.

ஒரு கேமின் பெயர் வகையின் பெயராவது இந்த ஒரு தடவை மட்டும் நடந்ததல்ல. 1980-இல் யூனிக்ஸ் கணினிகளில் வந்த 'ரோக்' கேமைப் போன்றவற்றை இன்றும் ரோக்லைக் என்றே சொல்கிறார்கள். ஆடுபவரின் கண்வழியே பார்த்துச் சுடும் 'டூம்' 1993-இல் வந்த பிறகு அதுபோன்றவற்றைச் சில வருடங்கள் டூம் நகல்கள் என்றார்கள். அசலைவிட நகல்கள் பெருகிய பிறகுதான் ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்ற பொதுப் பெயர் நிலைத்தது. வகை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதுதான் வழக்கமான பாதை: ஒரு கேம் வெற்றி பெறும், பத்துப் பேர் அதைப் பார்த்துச் செய்வார்கள், முதலில் அசலின் பெயரால் அழைப்பார்கள், பிறகு அந்தப் பெயர் தேய்ந்துபோய் ஒரு பொதுச் சொல் வரும்.

ஒரு வகை பிறந்து பெயர் கிடைக்காமல் தவிக்கும் நேரத்தை அப்படியே படம் பிடித்த ஒரு சான்று உண்டு. கிறிஸ் கிராஃபோர்ட் அட்டாரியில் வேலை பார்த்த கேம் வடிவமைப்பாளர். 1982-இல் எழுதி 1984-இல் அச்சான தன் நூலில் கேம்களை முதலில் இரண்டாகப் பிரித்தார்: கைத்திறனும் வேகமும் வேண்டியவை ஒரு பக்கம், யோசனை வேண்டியவை மறுபக்கம். முதல் பக்கத்தில் சண்டை, புதிர்வழி, ஸ்போர்ட்ஸ், பந்தை மட்டையால் தட்டுபவை, பந்தயம். மறுபக்கத்தில் அட்வென்ச்சர், டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம்) வகை, போர் ஆட்டங்கள், அதிர்ஷ்ட ஆட்டங்கள், கல்வி, மனிதர்களுக்கிடையிலான உறவைப் பற்றியவை. பஸில் என்று ஒரு கட்டமே இல்லை. டெட்ரிஸ் அப்போது பிறக்கவில்லை. எனக்குச் சுவையாகப் பட்டது அவருடைய 'இதர' கட்டம். 'டாங்கி காங்' எதிலும் பொருந்தவில்லை என்று அங்கே போட்டுவிட்டு, தடைகள் உள்ள பந்தய ஆட்டம் மாதிரி தோன்றுகிறது என்று தயங்குகிறார். 'ஃபிராகர்' கேமும் அங்கேதான். டாங்கி காங் வந்தது 1981-இல். அதுபோன்றவற்றை அமெரிக்காவில் ஏறும் கேம் என்று சிலர் எழுதினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளில், தளத்துக்குத் தளம் ஏறிக் குதிப்பதைக் குறிக்கும் பிளாட்ஃபார்ம் என்ற சொல் பரவியது, அதுவே நின்றது. இன்று பள்ளிப் பிள்ளைகூட டாங்கி காங்கைப் பார்த்ததும் பிளாட்ஃபார்ம் என்று சொல்லிவிடும். அன்றைய நிபுணருக்கு அந்தச் சொல் கையில் இல்லை. தன் பட்டியலே சரி என்று தான் சொல்லவில்லை, சரியான பட்டியல் என்று ஒன்று இருக்க முடியும் என்றும் நம்பவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். காலத்தோடு பட்டியல் மாறும் என்று தெரிந்தே போட்ட பட்டியல் அது.

உங்கள் பெட்டியில் இருக்கும் 'பிட்ஃபால்' இதற்கு நல்ல துணை. 1982, ஆக்டிவிஷன், டேவிட் கிரேன். காடு, புதையல், முதலை என்று கருப்பொருள் முழுக்கச் சாகசம். கை செய்வது ஓடுவது, குதிப்பது, கயிற்றில் தொங்குவது. 20 நிமிடக் கெடு வேறு. இன்றைய கண்ணுக்கு அது பிளாட்ஃபார்ம். 1983-இல் வந்த மேத்யூ ஸ்மித்தின் 'மேனிக் மைனர்' ஒலிநாடாவைப் பற்றி இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை, பிளாட்ஃபார்ம்தான்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. முதல் பிளாட்ஃபார்ம் கேம் எது, முதல் ஷூட்டர் எது, முதல் ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம்) எது என்று தளங்கள் அடித்துச் சொல்வதை அட்டையில் எழுதாதீர்கள். 1980-இன் 'ஸ்பேஸ் பேனிக்' ஏணிகளும் தளங்களும் கொண்டது, ஆனால் குதிக்க முடியாது. குதிப்பதுதான் அடையாளம் என்றால் டாங்கி காங், தளம்தான் அடையாளம் என்றால் ஸ்பேஸ் பேனிக். வரையறையை மாற்றினால் முதல்வன் மாறிவிடுகிறான். ஆர்.பி.ஜி. விஷயம் இன்னும் சிக்கல். எழுபதுகளின் நடுவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையில் மாணவர்கள் எழுதிய நிலவறை கேம்களில் 'பெடிட்5' என்பதை நிர்வாகிகள் அழித்தார்கள், படிப்புக்கான இடத்தை கேம் பிடித்துக்கொண்டது என்று. ஒரு பாடக்குழுவுக்கு ஒதுக்கியிருந்த கோப்பின் பெயர்தான் அது. அப்படி அழிந்தவை எத்தனை இருக்கும் என்று யாரும் எண்ண முடியாது. எனவே 'முதல்' என்பதற்குப் பதில் 'மிகப் பழையவற்றுள் ஒன்று' என்று எழுதினால் எவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆண்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: எழுதிய ஆண்டு, பதிப்புரிமை அச்சிட்ட ஆண்டு, கடைக்கு வந்த ஆண்டு மூன்றும் வேறாக இருக்கலாம்.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவையும் உண்டு. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்குச் செய்த 'எலைட்' விண்கலம் ஓட்டுவது, சுடுவது, சரக்கு வாங்கி விற்பது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. வில் ரைட்டின் 'சிம்சிட்டி' 1989-இல் வருவதற்கு முன் வெளியீட்டாளர்கள் தயங்கியதே, இதில் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லையே, இது கேமா என்று. இப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து எழுதுவதே மேல். நூலகங்களிலும் ஒரே பொருளுக்குப் பல வகைச்சொற்கள் கொடுப்பது வழக்கம்தான்.

அட்டைக்கு வருகிறேன். 'வகை' என்ற ஒரே இடத்தை உடைத்து மூன்று வரிகளாக்குங்கள். முதல் வரியில் ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதை வினைச்சொல்லால் எழுதுங்கள்: ஓடிக் குதித்துத் திறவுகோல்களைச் சேர்க்கிறார், கட்டளை தட்டச்சு செய்து புதிர் விடுவிக்கிறார், அப்படி. இதற்கு எந்தத் தளமும் வேண்டாம்; கேமைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆடினால் போதும். நேரம் தானாக ஓடுகிறதா, நம் முறைக்குக் காத்திருக்கிறதா என்பதையும் அதிலேயே சேருங்கள், பழைய கேம்களில் அதுதான் பெரிய பிளவு. இரண்டாவது வரியில் பெட்டியிலோ விலைப்பட்டியலிலோ அந்தக் காலத்தில் என்ன அச்சடித்திருந்தார்கள் என்பது. இல்லையென்றால் 'அச்சிடப்படவில்லை' என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். மூன்றாவது வரியில் இன்று வழங்கும் வகைப்பெயர், ஒன்றோ இரண்டோ. கருப்பொருளை, அதாவது விண்வெளி, காடு, சுரங்கம் என்பதை, வகையோடு கலக்காமல் விவரணையில் வையுங்கள். அட்டாரி அட்வென்ச்சருக்கு இப்படி வரும்: கோட்டைகளுக்குள் அலைந்து திறவுகோல், வாள் இவற்றைச் சுமந்து டிராகன்களிடமிருந்து தப்பிக் கிண்ணத்தை மீட்கிறார், நேரம் தானாக ஓடும், விலைப்பட்டியலில் 'சாகசப் பிரதேசம்', இன்று ஆக்‌ஷன்-அட்வென்ச்சர். வில் கிரவுதரின் குகை ஆட்டத்திலிருந்து வந்தது என்பதை அடிக்குறிப்பாகச் சேர்த்தால் பக்கத்திலேயே இருக்கும் ஹாபிட் ஒலிநாடாவோடு உறவு தெரிந்துவிடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றில் விசைப்பலகை, மற்றதில் ஜாய்ஸ்டிக்.

எண்ணிக்கையில் ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அட்டாரி 'காம்பேட்' கார்ட்ரிட்ஜின் மேல் 27 கேம்கள் என்று போட்டிருக்கும். அதே கருவிக்கு வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 112 கேம்கள் என்று சொல்லிக்கொள்ளும். இவை மாற்று அமைப்புகள்தான்: பீரங்கி வண்டி அல்லது விமானம், சுவர் உண்டு அல்லது இல்லை, ஆள் ஒன்று அல்லது இரண்டு. ஒரே கேம் என்றே பதியுங்கள், அச்சடித்த எண்ணை இரண்டாவது வரியில் தாருங்கள். கோல்டன் சைனாவின் பல-கேம் கார்ட்ரிட்ஜ் இதற்கு எதிர்த்திசை: வெளியே ஒரே பொருள், உள்ளே உண்மையிலேயே பல கேம்கள், அவற்றுக்குள் இரட்டிப்புகள். அதற்கு ஒரே அட்டை போட்டு, 'வகை' இடத்தில் 'தொகுப்பு' என்று எழுதுங்கள். பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, திரையில் வரும் பெயரை அப்படியே ஒரு தாளில் இறக்குங்கள், எழுத்துப் பிழை உட்பட. அசல் பெயர் தெரிந்தால் எதிரே எழுதுங்கள், தெரியாவிட்டால் கை செய்வதை எழுதுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து இங்கே போட்டால், அடையாளம் தெரியாதவற்றைப் பார்த்துச் சொல்ல நானும் இருக்கிறேன், என்னைவிட அதிகம் ஆடியவர்கள் இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.